டிக்கட் வெட்டிய பிறகு யார் பார்ப்பது?

(தோட்டக் கமிட்டித் தலைவர்களும் மாதர் அணியினரும் கூடிய பிரதேசக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளம், வீடு, காணி. இந்த மூன்றையும் பேசாத கூட்டம் நமக்குக் கிடையாது. பேசத்தான் வேண்டும். இன்றைக்கு இந்த மூன்றோடும் ஒட்டிக்கொண்டிருக்கும் இன்னொரு விசயத்தைப் பேச வந்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் டிக்கட் வெட்டி வீட்டுக்கு அனுப்பிய நோயாளியை லயத்தில் யார் பார்ப்பது? எதை வைத்துக்கொண்டு பார்ப்பது? பார்க்கிறவருக்கு அன்றைய பேரை யார் போடுவது?

நாங்கள் பாடசாலை விட்ட பின்னேரங்களிலும் ஞாயிற்றுக்கிழமைகளிலும் டிவிசன் டிவிசனாகப் போகிறவர்கள். இஸ்தோப்பில் உட்கார்ந்து கதைக்கும்போது காம்பராவுக்குள் யாராவது படுத்திருப்பதை அடிக்கடி பார்க்கிறோம். வயிற்றில் ஆபரேசன் செய்த அம்மா. காலில் மாவுக்கட்டுப் போட்ட கவ்வாத்து அண்ணன். ஒரு பக்கம் இழுத்துக்கொண்ட தாத்தா. பச்சைப் பிள்ளையோடு சிசேரியன் தாய். "எப்ப வந்தீங்க?" என்று கேட்டால், "நேத்துத்தான் டிக்கட் வெட்டுனாங்க டீச்சர்" என்கிறார்கள். "வீட்டுல என்ன செய்யச் சொன்னாங்க?" என்று கேட்டால் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு கடதாசியை எடுத்து நீட்டுகிறார்கள். கடதாசி ஆங்கிலத்தில் இருக்கிறது. வாயால் சொன்னது சிங்களத்தில் இருந்திருக்கிறது. விளங்கியது பாதி, விளங்காதது பாதி.

சீக்கிரம் அனுப்புவது பிழையா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். நோயாளியைச் சீக்கிரம் வீட்டுக்கு அனுப்புவதே பிழை என்று நாங்கள் சொல்லவில்லை. வார்ட்டில் நெருக்கம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். கட்டில் கிடைக்காமல் பாயில் படுத்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறீர்கள். சுகமானவர் எழும்பினால்தான் அடுத்த அவசரக்காரருக்குக் கட்டில். அந்த அடுத்த ஆளும் நம்முடைய ஆள்தான்.

அது மட்டுமல்ல. ஆஸ்பத்திரியில் அதிக நாள் கிடப்பதிலும் ஆபத்து இருக்கிறது. அங்கே சுற்றும் கிருமி பிடிவாதமான கிருமி. சாதாரண மருந்துக்கு அடங்காது. வயதானவர்கள் கட்டிலிலேயே கிடந்தால் சில நாளில் கால் பலம் போய்விடும். இரவில் இடம் தெரியாமல் தடுமாறுவார்கள், ஆள் மாறிப் பேசுவார்கள். வீட்டுச் சோறு, தெரிந்த முகம், நல்ல தூக்கம் இவையெல்லாம் மருந்துக்குத் துணை. இதை வைத்தியர்களே சொல்கிறார்கள். ஆகவே வீட்டுக்கு அனுப்பும் வைத்தியரோடும் மிஸியோடும் நமக்குச் சண்டை இல்லை. அவர்களும் ஆள் பற்றாக்குறையில் கிடந்து உழைக்கிறவர்கள்.

நமது கேள்வி வேறு. வீட்டுக்கு நோயாளி வருகிறார், சரி. அவரோடு சேர்ந்து வைத்தியமும் வருகிறதா?

மற்ற நாடுகளில் எப்படிச் செய்கிறார்கள்?

வசதியான நாடுகள் சிலவற்றில் "வீட்டிலேயே ஆஸ்பத்திரி" என்று ஒரு முறை இருக்கிறது. பிரான்சில் 1970 ஆம் ஆண்டுச் சட்டத்திலேயே அதற்கு இடம் கொடுத்துவிட்டார்கள். அவுஸ்திரேலியாவிலும் இங்கிலாந்திலும் நடக்கிறது. அமெரிக்காவில் 2020 நவம்பரில், கொரோனாவால் ஆஸ்பத்திரிகள் நிரம்பி வழிந்தபோது, முதியோர் மருத்துவக் காப்புறுதியின் கீழ் இதற்கு அனுமதி கொடுத்தார்கள்.

அந்த அனுமதிக்குப் போட்ட நிபந்தனைகளைக் கேளுங்கள். நோயாளி வீட்டில் இருந்தாலும் ஆஸ்பத்திரியில் இருப்பதாகவே கணக்கு. ஒவ்வொரு நாளும் வைத்திய மேற்பார்வை இருக்க வேண்டும். நாளுக்கு இரண்டு முறை தாதியோ பயிற்சி பெற்ற மருத்துவ உதவியாளரோ நேரில் வீட்டுக்கு வந்து பார்க்க வேண்டும். நிலைமை மோசமானால் 30 நிமிடத்துக்குள் உதவி வீட்டு வாசலுக்கு வந்து சேர வேண்டும். வீடு அதற்கு ஏற்றதா, தண்ணீர் இருக்கிறதா, கரண்ட் இருக்கிறதா என்று முதலே பார்க்க வேண்டும்.

ஊசி, சேலைன், ஒட்சிசன் எல்லாம் அந்த நோயாளியோடு வீட்டுக்குப் போகிறது. ஆஸ்பத்திரிக் கட்டில்தான் இடம் மாறுகிறது, ஆஸ்பத்திரியின் பொறுப்பு மாறவில்லை.

இப்போது நமது பக்கத்தைப் பாருங்கள். நாளுக்கு இரண்டு முறை யார் வருவார்? 30 நிமிடத்தில், மழை நாளில், மேல் டிவிசனிலிருந்து பிரதான ரோட்டுக்கு வரவே முடியாத தோட்டங்கள் எத்தனை? நோயாளியைக் கம்பளியில் கட்டித் தூக்கிக்கொண்டு படி இறங்கியவர்கள், கொழுந்து லொறியில் ஏற்றிக்கொண்டு போனவர்கள் இங்கே இல்லையா? நமக்கு நடப்பது வெறும் அனுப்பி வைப்பு. ஆஸ்பத்திரியின் பொறுப்பு கேற்றோடு முடிகிறது. தோட்டத்தின் பொறுப்பு இன்னும் தொடங்கவேயில்லை. நடுவில் இருக்கும் பள்ளத்தில் விழுவது நம்முடைய குடும்பம்.

நமது லயத்தில் ஒரு நோயாளி

ஒரு தோட்டத்தில் நடந்ததைச் சொல்கிறோம். பெயரும் ஊரும் வேண்டாம். கொழுந்து மலையில் சறுக்கி விழுந்து காலில் ஆழமான காயம் பட்ட ஒரு அக்கா. தையல் போட்டு, சில நாள் வார்ட்டில் வைத்திருந்து, ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் டிக்கட் வெட்டினார்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் காயத்துக்கு மருந்து கட்ட வேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். சனி, ஞாயிறு தோட்ட டிஸ்பென்சரி பூட்டு. திங்கட்கிழமை போயா. டவுனுக்குப் போய்க் கட்டுவதற்கு ஆட்டோக்காரர் கேட்ட காசு இரண்டு நாள் சம்பளத்துக்குக் கிட்ட வந்தது. செவ்வாய்க்கிழமை கட்டைப் பிரித்தபோது சீழ். புதன்கிழமை திரும்பவும் வார்ட்டு. ஒரு கிழமையில் ஆற வேண்டிய காயம் இரண்டு மாதம் இழுத்தது. அந்த இரண்டு மாதமும் அவருக்குப் பேர் இல்லை. அடகு வைத்த தோடு இன்னும் கடையில் இருக்கிறது.

இதில் யாரும் கெட்டவர் இல்லை. வைத்தியர் தன் வேலையைச் செய்தார். டிஸ்பென்சரி ஐயாவுக்கு விடுமுறை நாள். ஆனால் இரண்டு பேரையும் இணைக்கும் கயிறு இல்லை. இந்த அக்கா டிக்கட் வெட்டி வருகிறார் என்று ஐயாவுக்கு யாருமே அறிவிக்கவில்லை.

காம்பராவையும் யோசித்துப் பாருங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய லயத்தில் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறை. அதற்குள் ஐந்து ஆறு பேர். அடுப்புப் புகை உள்ளேதான் சுற்றுகிறது. இழுப்புக்கு வார்ட்டில் புகைபிடித்துச் சுகமாகி வந்த தாத்தா, வந்த இரவே விறகுப் புகையில் மூச்சுத் திணறுகிறார். கக்கூசு லயத்துக்கு வெளியே, படி இறங்கிப் போக வேண்டும். தொடை எலும்பு முறிந்த பாட்டி எப்படிப் போவார்? தண்ணீர் பீலியில் ஒரு நேரம் வரும், ஒரு நேரம் வராது. காயத்தைச் சுத்தமாக வைத்திருங்கள் என்று சொல்வது சுலபம்.

2021 இல் கொரோனா அலை அடித்தபோது அரசாங்கம் வீட்டிலேயே பராமரிக்கும் திட்டத்தைக் கொண்டுவந்தது. 1390 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வைத்தியர் போனில் பேசி விசாரிப்பார். நல்ல திட்டம். ஆனால் "தனி அறையில் இருங்கள்" என்று சொன்னபோது லயத்து ஆள் எந்தத் தனி அறைக்குப் போவது? வீட்டு வைத்தியம் என்றால் முதலில் வீடு வேண்டும். அதனால்தான் தொடக்கத்தில் சொன்னோம், இது வீட்டுப் பிரச்சினையோடும் சம்பளப் பிரச்சினையோடும் ஒட்டிய விசயம் என்று.

வகுப்பறையில் காலியாகும் இடம்

ஆசிரியர்கள் என்ற முறையில் எங்களுக்கு இன்னொரு கணக்குத் தெரியும். வரவு இடாப்பில் ஒரு பெண் பிள்ளைக்குத் தொடர்ந்து நாலைந்து நாள் வரவில்லை என்று குறித்தால், பின்னேரம் போய் விசாரிப்போம். பல தடவை பதில் ஒன்றுதான். "அம்மாச்சிக்கு டிக்கட் வெட்டிட்டாங்க டீச்சர், பாத்துக்க ஆள் இல்ல." அம்மா மலைக்குப் போனால்தான் அடுப்பு எரியும். அப்பா கொழும்பில் கடையில் வேலை. ஆகவே பதினான்கு வயதுப் பிள்ளை தாதியாகிறாள். அம்மாச்சியைத் தூக்குகிறாள், துடைக்கிறாள், மாத்திரை கொடுக்கிறாள். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று அவளுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சாதாரண தரப் பரீட்சைக்கு ஒரு வருடம் இருக்கும்போது ஒரு மாதம் போனால், அந்தப் பிள்ளை திரும்பி வருவது கஷ்டம்.

ஆஸ்பத்திரிக்குக் கட்டில் மிச்சம் என்று ஒரு கணக்கு எழுதுகிறார்கள். அந்த மிச்சத்துக்கான விலையை இந்தப் பிள்ளையின் படிப்பும், அவள் அம்மாவின் பேரும் கட்டுகின்றன. அந்தக் கணக்கை யாரும் எழுதுவதில்லை. நாம்தான் எழுத வேண்டும்.

நமக்குத் தெரிந்த முறைதான்

வீட்டுக்கு வரும் வைத்தியம் நம் நாட்டுக்குப் புதிய விசயமா? இல்லை. 1926 இல் களுத்துறையில் முதலாவது சுகாதாரப் பிரிவு தொடங்கியது. அந்த வழியில் வந்தவர்தான் இன்றைக்குப் பிள்ளை பிறந்த வீட்டுக்கு வரும் குடும்ப நல உத்தியோகத்தர், நாம் மிட்வைஃப் அம்மா என்று கூப்பிடுகிறவர். பிரசவமாகி முதல் 10 நாளுக்குள் இரண்டு தடவை அவர் வீட்டுக்கு வந்து தாயையும் பிள்ளையையும் பார்க்க வேண்டும் என்பது முறை. சுகப்பிரசவம் என்றால் மறுநாளே டிக்கட் வெட்ட முடிவதற்கு ஒரு காரணம், பின்னால் போய்ப் பார்க்க ஒரு ஆள் இருக்கிறார் என்ற நம்பிக்கை. தாய் சேய் மரணத்தைக் குறைத்ததில் இலங்கைக்கு உலகத்தில் நல்ல பெயர். அந்தப் பெயரில் இந்த அம்மாமாரின் கால்நடைக்குப் பெரிய பங்கு.

அப்படியென்றால் நாம் கேட்பது வானத்து நிலவை அல்ல. தாய்க்குச் செய்வதை, ஆபரேசன் செய்தவருக்கும், எலும்பு முறிந்தவருக்கும், வாதம் வந்த தாத்தாவுக்கும் செய்யுங்கள் என்று கேட்கிறோம்.

தோட்ட நிர்வாகம் "இது அரசாங்க வேலை" என்று சொல்லும். அவர்களுக்கு ஒரு பழைய கதை சொல்லலாம். 1912 ஆம் ஆண்டின் வைத்தியத் தேவைகள் கட்டளைச் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. வெள்ளைக்காரத் துரைமார் காலத்துச் சட்டம். தோட்டத்தில் யார் யாருக்குச் சுகமில்லை என்பதை அறிந்துகொள்வது துரையின் கடமை என்று அதில் எழுதியிருக்கிறது. லயத்தைச் சுகாதாரமாக வைத்திருப்பதும், பிள்ளை பெற்ற தாய்க்கு ஒரு மாதம் போதிய சாப்பாடும் இருப்பிடமும் கிடைப்பதைப் பார்ப்பதும் கடமை என்று எழுதியிருக்கிறது. அன்றைக்கே எழுதிய கடமை, நூறு வருடம் கழித்துக் குறைய வேண்டுமா, கூட வேண்டுமா?

டிக்கட் வெட்டும் முன் கேட்க வேண்டியவை

கோரிக்கை வெல்லும்வரை நோய் காத்திருக்காது. ஆகவே இன்றிலிருந்தே நாம் செய்யக்கூடியதைச் சொல்கிறோம். டிக்கட் வெட்டுகிறோம் என்று சொன்னதும் உடுப்பைக் கட்டிக்கொண்டு ஓடி வராதீர்கள். வைத்தியரிடமோ மிஸியிடமோ இந்த ஏழு கேள்விகளையும் கேளுங்கள்.

ஒன்று, என்ன நோய், என்ன செய்தீர்கள்? நோய் நிர்ணய அட்டை, அதாவது டயக்னோசிஸ் கார்ட், கையில் வந்ததா?

இரண்டு, எந்த மாத்திரை, எத்தனை நேரம், எத்தனை நாள்? சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா? முன்பு கிளினிக்கில் எடுத்த மாத்திரையையும் சேர்த்துக் குடிப்பதா, நிறுத்துவதா?

மூன்று, காயத்துக்கு எப்போது மருந்து கட்டுவது? தையல் எப்போது வெட்டுவது? அதைத் தோட்ட டிஸ்பென்சரியில் செய்யலாமா?

நான்கு, அடுத்த கிளினிக் எந்தத் திகதி, எந்த அறை?

ஐந்து, என்ன நடந்தால் உடனே திரும்பி வர வேண்டும்?

ஆறு, எவ்வளவு நாள் பாரம் தூக்கக் கூடாது, மலைக்குப் போகக் கூடாது? அதை எழுதித் தாருங்கள்.

ஏழு, சந்தேகம் வந்தால் வார்ட்டுக்கு எந்த இலக்கத்தில் போன் எடுப்பது?

சொல்வது விளங்காவிட்டால் வெட்கப்படாமல் "தமிழில் சொல்லுங்கள்" என்று கேளுங்கள். தமிழும் இந்த நாட்டின் அரச கரும மொழி. நாம் கேட்பது உதவி அல்ல, உரிமை. தமிழ் தெரிந்த ஒரு மிஸியோ உதவியாளரோ பெரும்பாலும் பக்கத்து வார்ட்டிலாவது இருப்பார். கையில் போன் இருக்கும் பிள்ளையைக் கூட்டிப் போனால், அனுமதி கேட்டு, சொல்வதைக் குரலாகப் பதிந்து வாருங்கள்.

வீட்டில் தனியாக இருக்கிறோம், மேல் டிவிசன், ரோட்டு இல்லை என்றால் அதையும் வைத்தியரிடம் சொல்லுங்கள். "வீடு தூரம், இரவில் வாகனம் கிடைக்காது" என்று தெரிந்தால் இன்னும் ஒரு நாள் வைத்திருக்கக் கூடிய நோயாளியை வைத்திருப்பார்கள். நாம் சொல்லாவிட்டால் அவருக்கு எப்படித் தெரியும்?

டயக்னோசிஸ் கார்ட்டைப் பத்திரமாக வையுங்கள். பிரதி எடுத்து ஒன்றைத் தலைவரிடம் கொடுங்கள். வேலை நேரத்தில் பட்ட காயம் என்றால், குளவிக் கொட்டானாலும் சறுக்கி விழுந்ததானாலும், 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கேட்பதற்கு அந்தக் கார்ட்தான் சாட்சி. விபத்து நடந்த அன்றே தோட்ட ஒபிசில் பதிய வைப்பதும் முக்கியம்.

வீட்டில் பார்க்கும்போது

பார்க்கிறவர் முதலில் சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். காயத்தைத் தொடும் முன்னும், தொட்ட பின்னும். காயத்தில் கோப்பித்தூள், மஞ்சள், சாம்பல், பற்பசை எதுவும் வேண்டாம். கட்டு நனைந்தால் மாற்ற வேண்டும். வீட்டில் கழுவச் சொல்லியிருந்தால் கொதித்து ஆறிய தண்ணீரில்தான் கழுவ வேண்டும்.

கிருமிக்குக் கொடுத்த மாத்திரையைக் காய்ச்சல் விட்டதும் நிறுத்தக் கூடாது. கொடுத்த நாள் முடியும்வரை குடிக்க வேண்டும். பக்கத்து வீட்டு மாத்திரையை வாங்கிக் குடிக்கவே கூடாது.

படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்க வையுங்கள். முதுகு, இடுப்பு, குதிகால் இந்த இடங்களில் தோல் சிவந்திருக்கிறதா என்று தினமும் பாருங்கள். புண் வந்த பிறகு ஆற்றுவது பெரும்பாடு. சிறுநீர்ப் பை போட்டவருக்கு அந்தப் பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும்.

இன்சுலின் ஊசி போடுகிறவர்கள் மருந்தை அடுப்புப் பக்கம், தகரத்துக்குக் கிட்ட வைக்காதீர்கள். பிரிட்ஜ் இல்லாவிட்டால் தண்ணீர் ஊற்றிய மண்சட்டிக்குள், போத்தல் நனையாமல் கிண்ணத்தில் வைத்து மூடுங்கள். ஊசி போட்டுவிட்டுச் சாப்பிடாமல் மலைக்குப் போகக் கூடாது. வியர்த்து, நடுங்கி, தலை சுற்றினால் உடனே சீனி கரைத்த தண்ணீர் கொடுங்கள். மயங்கி விட்டால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

முடிந்தவரை நோயாளியின் கட்டிலை அடுப்புக்குத் தள்ளி, சன்னல் பக்கம் போடுங்கள்.

உடனே திரும்பிப் போக வேண்டிய அறிகுறிகள்

இதைப் பத்திரிகையிலிருந்து வெட்டிச் சுவரில் ஒட்டுங்கள்.

மூச்செடுக்கக் கஷ்டம், நெஞ்சு நோவு, ஆள் தடுமாறிப் பேசுதல், வலிப்பு, திடீரென்று கை கால் விழுதல், வாய் கோணுதல்.

காயம் சிவந்து வீங்குதல், சீழ், கெட்ட மணம், காய்ச்சலும் நடுக்கமும்.

மாவுக்கட்டுப் போட்ட கை கால் விரல் நீலம் பாய்தல், மரத்துப்போதல், நோவு கூடிக்கொண்டே போதல். இதற்கு விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

பிரசவத் தாய்க்கு ஒரு துணி ஒரு மணி நேரத்துக்குள் நனையும் அளவு இரத்தம், நாற்றமுள்ள கழிவு, காய்ச்சல், கடுமையான தலையிடியும் கண் மங்கலும், ஒரு கால் மட்டும் வீங்கி நோதல். பிள்ளை பால் குடிக்க மறுத்தால், உடம்பு குளிர்ந்தால், மஞ்சளானால் அதுவும்.

டெங்கு என்றால் காய்ச்சல் விடும் நேரம்தான் ஆபத்தான நேரம். வயிற்று நோவு, தொடர்ந்து வாந்தி, இரத்தம் கசிதல், கை கால் குளிர்தல், சிறுநீர் குறைதல் கண்டால் உடனே புறப்படுங்கள். காய்ச்சலுக்குப் பரசிட்டமோல் தவிர வேறு நோவு மாத்திரை எடுக்கக் கூடாது.

1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசம். அழைக்கும்போது தோட்டத்தின் பெயரை மட்டும் சொன்னால் போதாது. டிவிசன், கிட்டிய கோவில் அல்லது ஸ்டோர், எந்தச் சந்தியில் திரும்புவது என்று சொல்லுங்கள். ஒரு பையனை டோர்ச் லைட்டோடு சந்திக்கு அனுப்புங்கள். வாகனம் வர முடியாத இடம் என்றால் நோயாளியைத் தூக்கிக்கொண்டு ரோட்டுக்கு வர நான்கு பேரை முன்பே பேசி வையுங்கள்.

நமது கோரிக்கைகள்

இனி நிர்வாகத்திடமும் சுகாதார அதிகாரிகளிடமும் நாம் வைக்கப்போகும் கோரிக்கைகள். ஐந்துதான்.

முதலாவது, தோட்டத்து ஆள் ஒருவருக்கு டிக்கட் வெட்டினால் அந்தத் தகவல் அன்றே தோட்ட வைத்திய உதவியாளருக்கும் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனைக்கும் போக வேண்டும். இரண்டு நாளுக்குள் ஒருவர் லயத்துக்கு வந்து பார்க்க வேண்டும். ஒரு போன் அழைப்பில் தொடங்கக்கூடிய காரியம் இது.

இரண்டாவது, வீட்டில் செய்ய வேண்டியதைத் தமிழில் எழுதிய ஒரு தாள் ஒவ்வொரு நோயாளிக்கும் வேண்டும்.

மூன்றாவது, காயத்துக்கு மருந்து கட்டுதல் சனி, ஞாயிறு, போயா நாட்களிலும் நடக்க வேண்டும். இரண்டு மூன்று தோட்டங்கள் சேர்ந்து முறை வைத்துச் செய்யலாம்.

நான்காவது, பல தோட்டங்களில் பழைய பிள்ளைப்பேற்று வார்ட்டும் டிஸ்பென்சரிக் கட்டடமும் பூட்டிக் கிடக்கின்றன. அவற்றில் இரண்டு மூன்று கட்டிலாவது போட்டு, தண்ணீரும் கக்கூசும் திருத்தி, காம்பராவில் வைத்துப் பார்க்க முடியாத நோயாளி சில நாள் தங்கிச் சுகமாகும் இடமாக மாற்ற வேண்டும். இரவில் நோயாளியை ஏற்ற ஒரு வாகனமும் ஆயத்தமாக நிற்க வேண்டும்.

ஐந்தாவது, பார்க்கிறவரின் பேர். ஆபரேசன் முடிந்து வந்த ஆளைப் பார்க்க வீட்டில் நிற்கும் ஒருவருக்குக் குறிப்பிட்ட சில நாட்களுக்காவது சம்பளத்தோடு விடுமுறை வேண்டும். அந்த நாட்களைக் காட்டி வரவுக் கொடுப்பனவை வெட்டக் கூடாது. மாதச் சம்பளக்காரர்களுக்கு லீவு என்று ஒன்று இருக்கிறது. நாட்சம்பளக்காரர் வீட்டிலும் நோய் வரும்.

சங்கம் செய்யப்போவது

கோரிக்கை எழுதிக் கொடுத்துவிட்டுக் கை கட்டி நிற்கப் போவதில்லை. ஒவ்வொரு டிவிசனிலும் ஒரு அக்கா, ஒரு தம்பி என்று இரண்டு பேரை மாதர் அணியும் வாலிபர் அணியும் தெரிவு செய்ய வேண்டும். டிக்கட் வெட்டி வருகிறவர் வீட்டுக்கு அன்றே அவர்கள் போவார்கள். கார்ட்டை வாசிப்பார்கள், கிளினிக் திகதியைக் கொப்பியில் எழுதுவார்கள், டிஸ்பென்சரி ஐயாவுக்கு அறிவிப்பார்கள். ஊசி போடவோ மருந்து மாற்றவோ அவர்கள் டாக்டர் அல்ல. அறிவித்தல், நினைவூட்டல், கூடப் போதல். இவ்வளவுதான் அவர்கள் வேலை. முதலுதவிப் பயிற்சிக்குச் சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையைக் கேட்போம்.

கொப்பியில் இன்னொரு பக்கமும் எழுத வேண்டும். டிக்கட் வெட்டிய திகதி, முதலில் யார் வந்து பார்த்தார், திரும்பவும் வார்ட்டுக்குப் போனாரா, வீட்டில் நின்றவருக்கு எத்தனை பேர் போனது, பாடசாலைப் பிள்ளை யாராவது நின்றதா. ஆறு மாதம் எழுதுவோம். பிறகு துரையிடமும் அதிகாரியிடமும் பேசப் போகும்போது வாயால் அல்ல, கொப்பியால் பேசலாம். எழுதுவதற்கு ஆள் இல்லையென்றால் ஆசிரியர்கள் நாங்கள் இருக்கிறோம்.

அம்மாமார்களே, ஒரு சாவு வீட்டுக்கு லயமே திரண்டு வருகிறது. பந்தல் போட ஆள், தேத்தண்ணி ஊற்ற ஆள், காசு சேர்க்க ஆள், எல்லாம் கேட்காமலே நடக்கிறது. அந்தப் பழக்கம் நம்மிடம் ஏற்கனவே இருக்கிறது. ஆள் உயிரோடு வீட்டுக்கு வரும் நாளிலும் அதே போலத் திரண்டு வருவோம். மிச்சத்தைச் செய்ய வேண்டியவர்களைச் செய்ய வைக்கச் சங்கம் இருக்கிறது.

கூட்டம் முடிந்து போகும் முன் டிவிசனுக்கு இரண்டு பெயரைச் செயலாளரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள். கொப்பிகள் மேசையில் இருக்கின்றன.